சிவப்பு வாளி, பச்சை வாளி

வேதியியல் ஆய்வகத்துக்குள் முதன்முதலாக நுழைகிற எந்தப் பையனும் பயப்படுவது கந்தக அமில பாட்டிலைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டிய சாமான்தான் அது. ஆனால் அந்தப் பயமே அவனைக் காப்பாற்றிவிடும். பயந்தவன் பார்த்துத்தான் எடுப்பான். படித்த காலமும் உத்தியோக காலமுமாக என் வாழ்க்கையில் பெரும்பகுதி ஆய்வகங்களில் கழிந்தது. நான் பார்த்ததும் கேள்விப்பட்டதுமான விபத்துகளில் முக்கால்வாசி, சோதனை நடக்கும்போது நடந்தவை இல்லை. சோதனை முடிந்து, ரெக்கார்டு நோட்டில் முடிவை எழுதி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போன பிறகு நடந்தவை. மிச்சம் வைத்துவிட்டுப் போன பீக்கரில், கழுவாத புனலில், தொட்டியில் ஊற்றிய கரைசலில்தான் ஆபத்து இருந்தது. இதை எனக்குச் சொல்லித் தந்தது பாடப் புத்தகம் இல்லை. திருவனந்தபுரத்தில் நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த ஓர் அட்டெண்டர்.

எனக்கு ஊர் கல்குளம் தாலுகா. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டோம் என்றாலும், பெரிய ஆஸ்பத்திரி, நல்ல காலேஜ், புதுப் படம் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் போவார்கள். 1979இல் ரயில் வேறு வந்துவிட்டது. குழித்துறையில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று வரிசையாக நின்று நின்று திருவனந்தபுரம் தம்பானூரில் இறக்கிவிடும். எம்.எஸ்.சி. படிக்க நான் அப்படித்தான் போனேன். போகும்போதே செம்பு எனக்குப் பழக்கமான உலோகமாக இருந்தது. வீட்டில் கமுகும் நல்லமிளகுக் கொடியும் கொஞ்சம் ரப்பரும் உண்டு. இடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன்னால் துரிசு மருந்து அடித்தாக வேண்டும். மயில்துத்தம் என்று தமிழ்ப் புத்தகம் சொல்லும் தாமிர சல்பேட்டைத்தான் நாங்கள் துரிசு என்போம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலிருந்து அப்பா வாங்கி வருவார். கற்கண்டுக்கு நீலச் சாயம் ஏற்றியதைப் போலிருக்கும். அந்த அழகுதான் அதன் பெரிய ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அம்மா அதை உத்தரத்துக்கு மேலே ஏற்றி வைத்துவிடுவாள்.

போர்டோ கலவை தயாரிப்பது எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. ஒரு கிலோ துரிசை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் நீற்ற வேண்டும். பிறகு துரிசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரண்டு, நன்றாக ஒட்டாது. இரும்பு வாளி கூடாது, மண்பானையோ மரத்தொட்டியோ பிளாஸ்டிக்கோதான். கடைசியில் அப்பா நன்றாகத் தீட்டிய பிச்சாத்திக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் துரிசு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிவிடும். பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத்து மில்லார்தே 1885இல் வெளியிட்ட மருந்து இது. அங்கே மெடோக் பகுதித் தோட்டக்காரர்கள் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க, பார்த்தாலே அருவருக்கும்படி இந்த நீலத்தைத் தெளித்து வைத்தார்களாம். தெளித்த கொடிகளில் மட்டும் பூசணம் பிடிக்காததை அவர் கவனித்தார். திருட்டுக்குப் பயந்து செய்த காரியம் நோய்க்கு மருந்தாகி, மைசூர்க் கமுகுத் தோட்டங்களின் மகாளி நோய் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்தச் சடங்கில் எனக்கு மறக்காதது அதன் கடைசிப் பகுதி. கலவையை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு ஆகாது. மிஞ்சியதை ஒரு குழியில் ஊற்றி மண்ணை மூடுவார் அப்பா. தெளிப்பானைக் கழுவிய தண்ணீரும் அந்தக் குழிக்கே. ஒரு வருடம் எங்கள் அடுத்த தோட்டத்துக்காரர் தெளிப்பானையும் பானையையும் குளத்தில் இறங்கிக் கழுவினார். மறுநாள் காலை குளம் முழுக்கக் கெண்டையும் கெளுத்தியும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மனிதன் கையில் பட்டால் கழுவிவிட்டுப் போகிற அளவு செம்பு, மீனின் செவுளுக்குத் தாங்காது. அடித்த மருந்தால் ஒன்றும் ஆகவில்லை, கழுவியதில்தான் குளம் போனது.

கல்லூரி ஆய்வகம் பழைய கட்டடம். தேக்குப் பலகை மேசைகள், அமிலம் விழுந்து விழுந்து கறுத்தவை. நடுவில் வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதன் குழாயில் ஒரு சாண் ரப்பர் டியூப். ஓரத்து அறையில் கிப் உபகரணம். அழுகின முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு தந்துகொண்டே இருக்கும். அந்த நாற்றம் சட்டையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுவார். பாதுகாப்புக் கண்ணாடியோ கையுறையோ அந்தக் காலத்தில் யாரும் போட்டதில்லை. வெள்ளைக் கோட்டு இருந்தது. அதுவும் பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆசிரியர் வருகிற அன்று.

அட்டெண்டரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கேரளத்தின் மற்ற பக்கங்களில் சேட்டன் என்பார்கள், திருவனந்தபுரத்தில் அண்ணன். அவருக்கு நாங்கள் எல்லோரும் 'அப்பி'. இருபத்திரண்டு வயது ஆளையும் அப்பீ என்று சின்னப் பையனைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார். பத்தாவது தாண்டாதவர். ஆனால் எந்தக் குடுவையில் என்ன இருந்தது என்று அதன் அடியில் பிடித்த கறையை வைத்துச் சொல்வார். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எங்களில் யாரும் சோதனைக் குழாயைத் தானாகக் கழுவக் கூடாது. காட்டிவிட்டு, என்ன செய்தோம் என்று சொல்லிவிட்டு, அவர் கைகாட்டுகிற வாளியில் போட வேண்டும். அப்போது இது அதிகாரம் பண்ணுகிற புத்தி என்று நாங்கள் பேசிக்கொள்வோம். உதவிப் பேராசிரியரே ஒருமுறை, "அண்ணன் நம்மளைவிட பெரிய எச்.ஓ.டி." என்று சிரித்தார்.

ஏன் இரண்டு வாளி என்பது புரிய வேண்டுமானால் இரண்டு செம்புச் சோதனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, உப்புப் பகுப்பாய்வில் செம்பையும் காட்மியத்தையும் பிரிப்பது. அம்மோனியா ஊற்றியதும் செம்பு கருநீலமாகப் பொங்கும். அந்த நீலத்தில் காட்மியம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வோகலின் பகுப்பாய்வுப் புத்தகம் படித்த தலைமுறைக்குத் தெரியும், அடுத்து என்ன என்று: பொட்டாசியம் சயனைடு. நாங்கள் கைநீட்டி எடுக்கிற இடத்தில் அந்தப் பாட்டில் இருக்காது. ஆசிரியர் இரும்பு அலமாரியைத் திறந்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தானே சொட்டுக் கணக்கில் விடுவார். நீலம் கண்முன்னால் வெளுத்து, தண்ணீராகிவிடும். செம்பு எங்கும் போகவில்லை, சயனைடோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துகொண்டது. இப்போது ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் செம்பு அசையாது, காட்மியம் மட்டும் மஞ்சளாக விழும். அழகான வேதியியல், சந்தேகமில்லை. ஆனால் சோதனை முடிந்ததும் கையில் இருப்பது, பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் போன்ற ஒரு சயனைடுக் கரைசல். அதன்மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். அதற்குக் கசப்பு பாதாம் வாசனை என்று எழுதியிருப்பார்கள். பிறவியிலேயே அந்த வாசனை தெரியாத மூக்குக்காரர்கள் நம்மில் பலர் உண்டு என்பதால் அந்தக் குறிப்பை நம்பிப் பயனில்லை.

சயனைடு என்றதும் திருவனந்தபுரத்துக்காரர்கள் பெரிதாக அலறவும் மாட்டார்கள். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் பரப்பிய மரச்சீனிக் கிழங்குதான் அந்த ஊரின் ஏழைச் சோறு. அதிலும் சயனைடு தருகிற பொருள் உண்டு. அதனால்தான் நறுக்கி, வேகவைத்து, முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டாவது தண்ணீரில் வேகவைக்கிறார்கள். ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இருக்கிற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆராய்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பெண்கள் ஊற்றிய அந்த முதல் தண்ணீருக்கு எந்த விஞ்ஞானியும் பெயர் வைக்கவில்லை.

இரண்டாவது சோதனை, அசிட்டிலீன். கார்பைடில் தண்ணீர் விட்டு வருகிற வாயுவை முதலில் அமிலம் கலந்த துரிசுக் கரைசல் வழியாக விட்டுச் சுத்தம் செய்வார்கள்; பாஸ்பீன் போன்ற அழுக்குகளை அது பிடித்துக்கொள்ளும். இங்கே செம்பு வெறும் காவல்காரன். அதே வாயு அம்மோனியா கலந்த குப்ரஸ் குளோரைடைத் தொட்டால், செம்பு ஆளே மாறிவிடும். செம்பழுப்பாக ஒரு வீழ்படிவு விழும். தாமிர அசிட்டிலைடு. சங்கிலியின் நுனியில் முப்பிணைப்பு உள்ள சேர்மம் என்பதற்கு அத்தாட்சி, மதிப்பெண்ணும் அதற்குத்தான். பிளஸ் ஒன் பாடத்திலும் இந்தச் சிவப்பு உண்டு. பாடத்தில் ஒரு வரியோடு தீர்ந்துவிடுகிற அந்தப் பொருள், ஈரமாக இருக்கும் வரை பெரும்பாலும் சாது. காய்ந்துவிட்டால் தட்டினாலும் உரசினாலும் சூடுபட்டாலும் வெடிக்கும். பொதுவாக வெடிமருந்து என்றால் திடீரென்று வாயு பெருகுவதுதான் வெடிப்பு. இதில் வாயு என்று சொல்லத்தக்கதே வராது. செம்பும் கரியுமாகச் சிதறும்போது விடுபடுகிற வெப்பம்தான் சுற்றியுள்ள காற்றை அறைகிறது.

1850களின் இறுதியில் ஜெர்மன் வேதியியலாளர் ருடால்ஃப் போட்கர் இதை விவரித்தார். ஆனால் அதற்குச் சற்றுப் பிறகு பாரிசில் பெர்த்தலோ செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கலப்பட வாயுவிலிருந்து அசிட்டிலீனைத் தனியே பிடிக்க, முதலில் அதை இந்தச் சிவப்பு வீழ்படிவாக்கிவிட்டு, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டார். வீழ்படிவு கரைந்து சுத்தமான அசிட்டிலீன் திரும்ப வந்தது. அண்ணன் எங்கள் சிவப்புக் குழாய்களுக்குச் செய்ததும் அதேதான். புகைக்கூண்டின் விசிறி எப்போதோ ரிப்பேராகிப் போனதால், வெளி வராந்தாவில், அக்கம்பக்கத்தில் பர்னர் எரியாதபோது, ஈரம் மாறுவதற்கு முன்னால் நீர்த்த அமிலத்தில் முக்கி வைப்பார். சின்னச் சின்னக் குமிழாக வாயு போய், சிவப்பு கரைந்து, குழாய் தெளிந்துவிடும். பெர்த்தலோவின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

ஆக, ஒரே மேசையில், ஒரே உலோகத்தின் இரண்டு மிச்சங்கள். சிவப்புக்கு அமிலம் வேண்டும், உடனே வேண்டும். சயனைடுக்கு அமிலத்தின் வாடையே கூடாது. காரத்திலேயே நிறுத்தி, வெளுப்பு நீரால் அழித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். இரண்டையும் 'கழுவி வை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. சயனைடுக் குழாயைச் சிவப்பு வாளியில் ஒருவன் போட்டான் என்றால் அந்த வராந்தாவில் நிற்க முடியாது. சிவப்பு வாளி அமிலத்துக்கு, பச்சை வாளி காரத்துக்கு. யாரும் பேப்பரில் எழுதி ஒட்டியதில்லை.

சில்வர் நைட்ரேட்டை அம்மோனியாவில் கரைத்துச் செய்கிற டாலன்ஸ் கரைசலையும் அவர் இந்தக் கணக்கில் சேர்த்திருந்தார். கண்ணாடியில் வெள்ளி பூசுகிற அந்தச் சோதனையை எல்லோருக்கும் பிடிக்கும். மிச்சக் கரைசலை அடுத்த வகுப்புக்காக எடுத்து வைக்கத் தோன்றும், வெள்ளி விலையும் அப்படி. வைத்திருந்தால் அதிலும் வெடிக்கிற கரும்படிவு உண்டாகும். அண்ணன் சாயங்காலம் ஒரு சொட்டுக் கூட வைக்க மாட்டார்.

அந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு வருடம் மூத்த மாணவர் ஒருவர், கெட்டிக்காரர், புராஜெக்டுக்காக அசிட்டிலீன் வாயுவின் அளவைக் கணக்கிட விரும்பினார். அந்தச் சிவப்பு வீழ்படிவை நிறுத்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும் என்பது அவர் யோசனை. மற்ற உப்புகளுக்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்: வடிகட்டு, கழுவு, உலர்த்து, நிறு. யோசனையில் தப்பில்லை, பொருள்தான் தப்பு. வடிதாளோடு ஒரு வாட்ச் கிளாசில் வைத்து, சூடான அடுப்புக்கு மேலே அலமாரித் தட்டில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். சனி, ஞாயிறு. திருவனந்தபுரத்தின் காற்றில் சாதாரணமாக எதுவும் லேசில் உலராது. மழைக்காலத்தில் துவைத்த வேட்டி மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும். அந்த ஈரம்தான் அதுவரை எத்தனையோ பேரைக் காப்பாற்றி வந்தது. அடுப்பின் சூடு அந்தக் காவலை எடுத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை நான் அடுத்த மேசையில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தேன். தாளில் ஒட்டியிருந்ததை அவர் எஃகுக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினார். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் வறண்ட, கூர்மையான சத்தம், காது அடைத்துக்கொண்டது. வாட்ச் கிளாஸ் இருந்த இடத்தில் மேசைமேல் ஒரு கறுப்பு வட்டம். அவர் இரண்டு விரலில் ரத்தம், புருவத்துக்கு மேலே ஒரு சில்லு. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது, இடப்பக்க வில்லையில் நட்சத்திரமாக ஒரு விரிசல். விரல் நகத்தில் அள்ளுகிற அளவுகூட இருக்காது அந்தப் பொடி.

விசாரணை என்று ஒன்று நடந்தது. துறைத் தலைவர் அண்ணனைக் கூப்பிட்டு, உமக்குத் தெரியுமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "என்னோடு ஆரும் சோதிச்சில்லல்லோ சாரே," என்றார் அண்ணன். என்னிடம் யாரும் கேட்கவில்லையே. திமிராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எம்.எஸ்.சி. மாணவர் புராஜெக்ட் செய்கிறார் என்றால் கழுவுகிற ஆள் குறுக்கே பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. எனக்கு அன்றைக்கு எழுந்த கோபம் இன்னமும் முழுதாக அடங்கவில்லை. அது அந்த மாணவர்மேலும் இல்லை, அண்ணன்மேலும் இல்லை. ஆய்வகத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பதைச் சம்பளப் பட்டியலின் வரிசையில் வைத்துத் தீர்மானித்த ஏற்பாட்டின்மேல். மறுவாரம் முதல், புராஜெக்ட் மாணவர்களும் சாயங்காலம் அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு வந்தது. அவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "உணங்ஙான் விடல்லே, அப்பீ." காய விடாதே.

பிறகு எனக்கு அதே ஊரில் ஓர் அரசு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. தண்ணீர், உணவு, மண் என்று வருகிற மாதிரிகளில் உலோகம் பார்க்கிற வேலை. அணு உட்கவர் நிறமாலைமானி என்று தமிழில் வாய் நிறையச் சொல்லலாம், நாங்கள் ஏ.ஏ.எஸ். என்போம். ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1950களில் உருவாக்கிய முறை. மாதிரியைச் சுடரில் தெளித்து, செம்புக்கான 324.8 நானோமீட்டர் ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்ப்பது. சுடருக்கு எரிபொருள் அசிட்டிலீன். இத்தனை வருடம் கழித்து, செம்பும் அசிட்டிலீனும் ஒரே அறையில் மறுபடியும்.

கருவி வந்தது, சிலிண்டரும் வந்தது. அசிட்டிலீன் சிலிண்டர் நம் நாட்டில் மெரூன் நிறம். உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருளும் அதில் ஊறிய அசிட்டோனும் இருக்கும். வாயு அதில் கரைந்துதான் இருக்கிறது. இல்லாவிட்டால் அழுத்தியதும் தானே வெடிக்கும். இந்தத் துளைப்பொருள் ஏற்பாட்டைச் செம்மைப்படுத்திக் கலங்கரை விளக்குகளுக்குக் கொண்டுபோன சுவீடன்காரர் குஸ்டாஃப் டாலேன் 1912இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1912இல்தான் ஓர் அசிட்டிலீன் வெடிப்பில் அவருக்கு இரண்டு கண்ணும் போயின. வாயுவை அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் இருந்திருக்க மாட்டார்.

சிலிண்டரிலிருந்து கருவிக்குக் குழாய் இழுக்க வந்த ஒப்பந்தக்காரர் தோளில் பளபளவென்று செம்புக் குழாய்ச் சுருளோடு வந்தார். காற்றுக்கும் ஆர்கானுக்கும் எல்லா இடத்திலும் அதைத்தான் போடுகிறோம், வளைக்கச் சுலபம் என்றார். அசிட்டிலீனுக்குக் கூடாது என்றேன். உள்ளே ஈரமும் அசுத்தமும் சேர்ந்தால் குழாயின் உட்சுவரிலேயே அந்தச் சிவப்பு படியும். பித்தளை இணைப்பில்கூடச் செம்பு 65-70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. எஃகுக் குழாய்தான் போட வேண்டும். எஃகு விலை அதிகம், மதிப்பீட்டில் இல்லை. கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சாரே, செம்பு நல்லதல்லே? செம்புக் குடத்தில் ராத்திரி தண்ணீர் வைத்துக் காலையில் குடிக்கச் சொல்கிறார்களே," என்று மெய்யான அக்கறையோடு கேட்டார். நான் அவருக்கு வேதியியல் சொல்லவில்லை. கல்லூரியில் பார்த்த மூக்குக்கண்ணாடி விரிசலைச் சொன்னேன். கோப்பு நகர்ந்தது, நகர ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் கருவி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

அந்தக் கருவியின் கையேட்டிலும் நடுப்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. செம்பு, வெள்ளி, பாதரசம் அதிகமாக உள்ள அம்மோனியாக் கரைசல்களை அசிட்டிலீன் சுடரில் தெளித்தால், தெளிப்பறைக்குள்ளே அசிட்டிலைடு படியலாம். ஆகவே கரைசலை அமிலமாக்கிக்கொண்டு தெளி, முடிந்த கையோடு சுத்த நீரை ஓடவிடு, வடிகுழாயின் திரவப் பொறியைக் காலி செய். புதிதாக வந்த பையன்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் கருவியை ஓட்டுகிற பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் சாயங்காலம் கருவியை அணைப்பதற்கு முன்னால் தெளிப்பறையைக் கழட்டி என்னிடம் காட்டிவிட்டுப் போகச் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பட்டப்பெயர் இருந்தது என்பது எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

போன மாதம் என் தங்கை மகளைத் தம்பானூரில் சந்தித்தேன். அவள் இதே ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கரிம வேதியியலில் பி.எச்.டி. செய்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய, மேலே ஏறிக்கொண்டே போகிற அந்தச் சுருள் காபி ஹவுசில் உட்கார்ந்தோம். பீட்ரூட் சிவப்பில் கட்லெட். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கிளிக் வினை என்றாள். ஷார்ப்ளெஸ், மெல்டால், பெர்ட்டோசி மூவருக்கும் 2022இல் நோபல் வாங்கித் தந்த விவகாரம். அசைடையும் முப்பிணைப்புச் சேர்மத்தையும் செம்பு வினையூக்கியோடு கலந்தால் சடக்கென்று இணைந்துகொள்ளும். அந்த வினையில் செம்பு முதலில் என்னவாக மாறுகிறது என்று கேட்டேன்.

"அசிட்டிலைடுதான் மாமா. ஆனா நிக்காது, உண்டானதும் அடுத்த ஸ்டெப்புக்குப் போயிரும். ரொம்பக் கொஞ்சம்தான போடுதோம்."

எங்களைப் பயமுறுத்திய சிவப்பு, இவளுக்குக் குடுவைக்குள் வந்து போகிற இடைநிலை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அசைடு என்றதும் கேட்காமல் இருக்க முடியவில்லை. 1970களில் அமெரிக்க ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் சோடியம் அசைடு கலந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றி ஊற்றி, கீழே செம்பு, ஈயக் குழாய்களில் உலோக அசைடு படிந்து, பிளம்பர் குறடு வைத்ததும் வெடித்த சம்பவங்கள் உண்டு. அவளுக்கு அது தெரிந்திருந்தது. அசைடு மிச்சத்தில் அமிலம் சேர்க்கக் கூடாது, டைகுளோரோமீத்தேன் கழிவோடு கலக்கக் கூடாது, உலோகக் கரண்டி கூடாது என்று விரல்விட்டு எண்ணினாள்.

"யார் மக்ளே கழுவுதது?"

"நாங்கதான் மாமா. அட்டெண்டர் போஸ்டு எல்லாம் எப்பவோ எடுத்தாச்சு. கழிவை அந்தந்தக் கேன்ல ஊத்தி லேபிள் ஒட்டணும். கொச்சிக்குப் பக்கத்துல அம்பலமேட்டுல இருந்து வண்டி வந்து எடுத்துட்டுப் போவும். தொண்ணூறு நாளைக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு 2016 ரூல்."

போனில் மணி பார்த்தாள். வண்டி மறுநாள் வருகிறது, ராத்திரிக்குள் கேன்களைச் சரிபார்த்தாக வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் லேபிள் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அதில் மேல்வரியில் 'செம்பு' என்று இருக்கிறது, கீழே எழுதியதை ஏதோ கரைப்பான் வழிந்து அழித்துவிட்டது. வண்டிக்காரர் அதை ஏற்ற மாட்டார். யாராவது மூடியைத் திறந்து பி.எச். தாள் வைத்துப் பார்த்தால் போதுமே என்று லேபில் ஒருவன் சொன்னானாம்.

"நீ என்ன சொன்ன?"

"தொடாதன்னு சொன்னேன். ஒட்டினவன் பேரு ஓரத்துல கிடக்கு மாமா. இப்ப பெங்களூர்ல வேல பாக்கான். போன் எடுக்க மாட்டேங்கான், ராத்திரி மறுபடியும் அடிச்சுப் பாக்கணும்."

பாதி கட்லெட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.